பாவமா, அபராதமா?

மாலை வேளையில் குருசுக்குப்பத்தைக் கடந்து வைத்திக்குப்பத்தின் தெருக்களுக்குள் வரும் வாகனங்களுள் சில, அண்மைக் காலமாக ஒரு புதிய கோலத்தில் காணப்படுகின்றன. கண்ணாடிபோல் மெருகேற்றிய பழைய கார், அகன்ற சக்கரங்கள், சக்கரத்திற்கும் அதன்மேல் வளைந்த தகட்டிற்கும் இடையே ஒரு விரல் நுழைய இடமில்லை, வயிறு தரையைத் தொட்டுவிடுமோ என்னும் அளவிற்கு இறங்கிய உடல். வேகத்தடையைக் கண்டதும் அது நின்றுவிடும். பின்னர் மூலைவாட்டாகத் திரும்பி, எதிரே வரும் வண்டிகளின் பாதையையும் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கி, முட்டையிடக் கரையேறும் ஆமைபோல் ஊர்ந்து அப்பால் செல்லும். தெருவில் வலை பழுது பார்த்துக்கொண்டிருப்போர் கைவேலையை நிறுத்திவிட்டு அதனைப் பார்ப்பர். ஓட்டும் இளைஞருக்கு வேண்டியதும் அதுவே.

இதனை இளைஞர்கள் ‘லோவரிங்’ என்பர். ‘தாழ்த்தப்பட்ட கார்’ என்று எழுதுவதை நாம் தவிர்க்கின்றோம். அச்சொல் நம் மண்ணில் மனிதரைக் குறித்து வழங்கிக் கண்ணீரில் ஊறிய சொல். இரும்புக்கு அதனைச் சூட்டுதல் தகாது. ‘இறக்கிய கார்’ என்போம். தாழ்ச்சி என்பது நம் ஞான உபதேசத்தில் அகங்காரத்திற்கு எதிரான புண்ணியமாக இருக்க, இங்கோ தாழ்ந்திருப்பதே பெருமையின் உச்சமாய் அமைந்திருப்பது ஒரு வேடிக்கைதான். ஆயினும் இளைஞரின் பெருமையைக் கண்டிப்பது நம் நோக்கமன்று. பிறர் தன்னைக் காணவேண்டும் என்னும் ஆசை திருவிழாவிற்குப் புத்தாடை உடுத்தும் எல்லாரிடமும் உண்டு. அந்தக் காரின் உயரத்தைக் குறித்த சட்டம் மனச்சான்றை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தரை இடைவெளியைப் பற்றி மில்லிமீட்டர் கணக்கில் பேசுவதில்லை. வேறொரு வழியை மேற்கொள்கின்றது. பதிவுச் சான்றில் அடங்கிய விவரங்கள் தயாரித்தவர் முதலில் குறித்தவற்றோடு மாறுபடும்படி எந்த உரிமையாளரும் தம் வாகனத்தை மாற்றியமைத்தல் ஆகாது என்பது அதன் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டே வந்த திருத்தச் சட்டம், முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரையிலான சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பதிவுச் சான்றில் நிறம், இருக்கைகள், எடை, அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் ஆகியவற்றிற்கெல்லாம் கட்டங்கள் உள. தரை இடைவெளிக்குக் கட்டம் இல்லை. ஆகவே ஸ்பிரிங்கை மாற்றுவது குற்றமே அன்று என வாதிடும் கெட்டிக்காரர்களும் இருக்கின்றனர். எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளை நழுவவிடும் இக்கலை பரிசேயர் காலத்திலிருந்தே வழக்கில் உள்ளதுதான்.

இனிச் சோதனை. வாடகைக் கார், வேன், லாரி, பேருந்து ஆகியன தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். மக்கள் வழக்கில் ‘எஃப்.சி. காட்டுதல்’. எட்டாண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் இது நிகழ வேண்டும். சொந்தக் காருக்கோ முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதுதான் அது தகுதியுடையதா என்று பார்க்கப்படும். ஆய்வாளர் ஒருவர் குனிந்து ஒரு சொந்தக் காரின் அடிவயிற்றைப் பார்க்கும் நாள், ஒரு குழந்தை பிறந்து பத்தாம் வகுப்பை எட்டும் காலத்தில் ஒன்றே ஒன்றுதான். புதுச்சேரியினர் பலர் குடும்பத்தோடு வாழும் பிரான்சில் நிலைமை வேறு. அங்கே 1992 முதல், நான்காண்டுகள் நிறையும் தறுவாயில் தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை சொந்தக் காரையும் சோதனைக்குக் கொண்டுசென்றாக வேண்டும்.

நம் ஊரில் அந்த அரிய நாளுக்கென ஒரு நாடகம் நடைபெறுகின்றது. கழற்றிப் பரண்மேல் வைத்திருந்த பழைய ஸ்பிரிங்குகள் இறக்கப்படும், துடைத்து மாட்டப்படும், கார் முன்போல நிமிர்ந்து நின்று சான்று பெறும், மறுநாள் மீண்டும் படுத்துக்கொள்ளும். வாடகை வண்டிகளிலும் இதன் உறவினர் உண்டு. எஃப்.சி. நாளுக்கு மட்டும் இரவல் டயர், இரவல் தீயணைப்புக் கருவி, இரவல் முதலுதவிப் பெட்டி.

பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் நம்மிடம் வந்து தயங்கி நின்றார். “சாமி, எஃப்.சி.க்கு ஒரு நாள் பழைய ஸ்பிரிங்கை மாட்டிக் கொடுக்கச் சொல்லி வராங்க. முடிஞ்சதும் திரும்பக் கழற்றணும். இது பாவமா, இல்ல வெறும் ஃபைன் கட்டுற சமாச்சாரமா?” என்று கேட்டார். தாம் அறியாமலேயே அவர் நம்மைப் பல நூற்றாண்டு விவாதம் ஒன்றின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

மீறினால் பாவம் என்று கட்டுப்படுத்தும் சட்டங்கள் உண்டு. மீறிப் பிடிபட்டால் தண்டனையை ஏற்றுக்கொள் என்று மட்டும் கேட்கும் சட்டங்களும் உண்டு எனச் சில இறையியலார் வகுத்தனர். பின்னதனைத் ‘தண்டனை மட்டுமேயான சட்டம்’ என்று குருமடத்தில் நாம் படித்ததுண்டு. இதன் வேர் ஒரு நல்ல நோக்கத்தில் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமினிக்கன் சபையினர், தம் சபை விதிகளை மீறுதல் தண்டனைக்கு உரியதேயன்றிப் பாவமாகாது என்று எழுதி வைத்தனர். சிறு விதி ஒவ்வொன்றையும் எண்ணி மனம் புண்படும் துறவியரை ஆற்றுவதற்கான மருந்து அது. பின்வந்த நூற்றாண்டுகளில் அம்மருந்து மடத்தின் மதிலைத் தாண்டி, சுங்கம், வரி, அரசரின் காட்டில் விறகு வெட்டுதல் ஆகியவற்றிற்கும் நீட்டிக்கப்பட்டது. பிடிபடாதவன் குற்றமற்றவன் என்னும் எண்ணமும் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. இன்று ஹெல்மெட்டுக்கும் வேகத்திற்கும் ஓட்டுநர் உரிமத்திற்கும் நம் மக்கள் சொல்லும் சமாதானம், அவர்கள் ஒருபோதும் படித்திராத அந்த ஏடுகளின் எதிரொலியே.

இதனை ஏற்காதோரும் தொடக்கத்திலிருந்தே இருந்தனர். நீதியான மனிதச் சட்டம் மனச்சான்றைக் கட்டும் என்பது புனித தோமா அக்குவினாரின் தெளிவான போதனை. தண்டனைக்கு அஞ்சி மட்டுமன்று, மனச்சான்றின் பொருட்டும் கீழ்ப்படிதல் வேண்டும் எனப் பவுல் அடிகளார் உரோமையருக்கு எழுதியதும் நாம் அறிந்ததே. நம் பொருளுக்கு மிக நெருங்கி வருவது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1965 டிசம்பரில் வெளியான ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 30-ஆம் எண், உடல்நலம் காக்கும் விதிகளையும் வாகனங்களின் வேக வரம்பையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றைப் பொருட்படுத்தாதவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குவதை உணர்வதில்லை என வருந்துகின்றது. உலகெங்கணுமிருந்து ஆயர்கள் கூடிய ஒரு பொதுச்சங்கம் வேக வரம்பைப் பற்றிப் பேசியதா என வியப்போர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

எனினும் சங்கத்தின் பெயரைச் சொல்லி அன்பரின் கேள்வியை அடைத்துவிட நாம் விரும்பவில்லை. ஒரு விதி மனச்சான்றைக் கட்டுகின்றதா என்பது, அந்த விதியின் அடியில் என்ன இருக்கின்றது என்பதைப் பொறுத்தது. ஆகவே காரின் அடியிலேயே பார்ப்போம்.

காரை இறக்குவதற்கு முறையான வழி உண்டு; மலிவான வழியும் உண்டு. முறையான வழியில், குறைந்த உயரத்திற்கென்றே செய்யப்பட்ட ஸ்பிரிங்குகளையும் அவற்றிற்கு இசைந்த ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்தே மாற்றுவர். அப்படிச் செய்த கார் வளைவுகளில் முன்னிலும் நிலையாக ஓடுவதுண்டு. எடை கீழே இறங்குவதால் அவ்வாறு நிகழும். பந்தயக் கார்கள் தாழ்வாக இருப்பது அழகுக்காக அன்று. மலிவான வழியில், இருக்கும் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றையோ இரண்டையோ அறுத்து எடுத்துவிடுவர். அறுத்த ஸ்பிரிங் முன்னைவிட விறைப்பாகும். சக்கரம் மேலெழுந்து பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் குறைந்துவிடும். மேட்டில் ஏறி ஒரு சக்கரம் தொங்கும்போது குட்டையான சுருள் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். சக்கரங்கள் உட்புறமாகச் சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டயர் புதிதாகவே தோன்றும். கம்பி தெரியும் அளவு தேய்ந்த பின்னரே உரிமையாளர் அறிவார், சில வேளை நெடுஞ்சாலையில் அறிவார்.

இவையெல்லாம் ஓட்டுபவரின் தலைவிதி எனலாம். மற்றவருக்கு நேர்வதைப் பார்ப்போம். இந்திய சாலைப் பேராயம் 1988-இல் வேகத்தடைகளுக்கென ஒரு வழிகாட்டி வகுத்தது. வளைந்த மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாய், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத்தக்கதாய் இருக்க வேண்டும் என்பது அது. நம் தெருக்களின் மேடுகள் அந்த அளவை அறியாமல் அவரவர் வீட்டு வாசலில் அவரவர் விருப்பப்படி எழுந்தவை என்பதையும் ஒப்புக்கொள்வோம். எனினும் விதிப்படி அமைந்த மேடே பத்து சென்டிமீட்டர் எனில், அடிவயிறு தரையிலிருந்து எட்டோ ஒன்பதோ சென்டிமீட்டரில் தொங்கும் கார் அதனை எவ்வாறு கடக்கும்? உரசிக் கடக்கும். உரசும் இடத்தில் இருப்பது ஆயில் சேம்பர். அது விரிந்தால் எண்ணெய் துளித்துளியாய்ச் சாலையில் கோடு போட்டுக்கொண்டே செல்லும். எஞ்சின் கெடுவது ஓட்டுபவரின் பணப்பையைப் பொறுத்தது. அந்த எண்ணெய்க் கோட்டின்மேல் சற்று நேரம் கழித்து வருபவர், விடியற்காலையில் மீன் கூடையுடன் சந்தைக்கு விரையும் பெண்ணை ஏற்றிய ஸ்கூட்டராக இருக்கலாம். அவர் அந்தக் காரைக் கண்டிருக்கவும் மாட்டார். தம்மைச் சறுக்கி விழச்செய்தது இன்னாரது ஸ்பிரிங் என்று எந்நாளும் அறியவும் மாட்டார்.

நம் தீர்ப்பு இந்தப் பெண்ணைச் சுற்றியே அமைகின்றது. சாலையில் செல்லும் ஒவ்வொருவரும் எதிரே வரும் வண்டி எவ்வாறு கட்டப்பட்டிருக்கின்றது என்று சோதித்துவிட்டுச் செல்ல இயலாது. யாரோ ஒருவர் அதனைப் பார்த்துச் சான்று அளித்திருக்கின்றார் என்னும் நம்பிக்கையில்தான் இறங்குகின்றோம். தகுதிச் சான்று அரசுக்கும் உரிமையாளருக்கும் இடைப்பட்ட காகிதம் எனக் கருதுவது பிழை; அதனை ஒருபோதும் கண்ணால் காணாத மூன்றாமவருக்குத் தரப்பட்ட வாக்கு அது. ஒரு நாள் மாட்டிக் காட்டிய ஸ்பிரிங் அந்த மூன்றாமவரிடம் சொன்ன பொய். ஆகவே, பாவமா அபராதமா என்றால், சோதனை நாளின் வேடம் அபராதத்தோடு முடிவதன்று என்றே நாம் கருதுகின்றோம். பொய்யின் கனம் அதனால் விளையக்கூடிய கேட்டின் கனத்தோடு வளரும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தினால் அநீதி செய்தவராவோம். இறக்கிய கார் கண்ணுக்குத் தெரிகின்றது; அதனால் எளிதில் வசைக்கு ஆளாகின்றது. அதே தெருவில், மக்கள் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டி நிற்கின்றது. அதன் பின்புறத்தில் தயாரித்தவர் வைத்ததைவிடக் கூடுதலாக ஓரிரு ஸ்பிரிங் பட்டைகள் செருகப்பட்டிருக்கும். அளவுக்கு மீறிப் பனிக்கட்டியும் மீனும் ஏற்றினாலும் வண்டி படுத்துவிடாமல் நிற்பதற்கான ஏற்பாடு அது. சட்டத்தின் கண்ணில் இதுவும் மாற்றமே. பட்டை பாரத்தைத் தாங்கும், பிரேக் தாங்காது. பாரம் கூடக் கூட வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நீளும். அழகுக்காக இறக்கிய இளைஞரைக் கண்டிக்கும் பெரியவர்கள், ஆதாயத்திற்காக உயர்த்திய வணிகரைப் ‘பிழைக்கத் தெரிந்தவர்’ என்பர்.

கடலோர மக்களுக்குப் பாரத்தின் கணக்கைக் கற்றுத்தர வேண்டியதில்லை. படகின் விளிம்பிற்கும் நீருக்கும் இடையே எவ்வளவு இருக்க வேண்டும் என்று கைப்பிடி அளவால் அறிந்தவர்கள் அவர்கள். பெருங்கப்பல்களுக்கு அந்த அறிவைச் சட்டமாக்க இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்பவர் போராட வேண்டியிருந்தது. 1876-இல் அவர் வென்றார். ஒவ்வொரு கப்பலிலும் பாரக்கோடு வரையப்பட வேண்டும் என்றாயிற்று. ஆனால் கோட்டை எங்கே வரைவது என்பதை உரிமையாளரின் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர். இடத்தைச் சட்டமே குறிப்பதற்கு 1890 வரை காத்திருக்க நேர்ந்தது.

கோட்டை நகர்த்தும் திறமை இளைஞரிடமும் சிறு வணிகரிடமும் மட்டும் இல்லை. 2013-ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை பெரிய வகைக் கார்களின் உற்பத்தி வரியை 27 விழுக்காட்டிலிருந்து 30 ஆக்கியது. எது பெரிய வகை என்பதற்கு வைத்த அடையாளங்களுள் ஒன்று, தரை இடைவெளி 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருத்தல். உடனே ஒரு பெரிய நிறுவனம் தன் காரின் தரை இடைவெளியை அந்த எண்ணுக்குக் கீழே கொண்டுவந்து வரியைக் குறைத்துக்கொண்டது. ஆள் ஏறிய நிலையில் அளப்பதா, ஏறாத நிலையில் அளப்பதா என்னும் வழக்காடலும் பின்னர் எழுந்து, ஏறாத நிலையில்தான் என்று 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. மன்றம் தெளிவாக்க வேண்டியதாயிற்று. (கார்கள் மீதான அந்த இழப்பீட்டு வரி 2025 செப்டம்பரில் நீங்கிற்று.) தயாரித்தவர் செய்தது சட்டத்திற்கு உட்பட்டதே, ஐயமில்லை. ஆனால் வரிக்காக இறக்கியவர் மதிநுட்பம் உடையவர், அழகுக்காக இறக்கியவர் குற்றவாளி என்றால், ‘மூல வடிவம்’ என்பதன் புனிதத்தை அந்த இளைஞர் ஏளனத்தோடு நோக்குவதில் வியப்பில்லை.

சட்டமே ஏளனத்திலிருந்து பிறந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மெக்சிகோ வழிவந்த இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி இறக்கி, வண்ணம் தீட்டி, ஞாயிறு மாலைகளில் ஊர்வலம்போல் மெல்ல ஓட்டிச் செல்வர். குவாதலூப்பே அன்னையின் திருவுருவத்தைக் காரின் முகப்பிலேயே தீட்டியோரும் பலர். சக்கர வளையத்தின் அடிவிளிம்பைவிடக் காரின் எப்பகுதியும் தாழ்ந்திருக்கலாகாது என 1958-இல் அங்கு ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ரான் அகீர்ரே என்னும் இளைஞர், ஹைட்ராலிக் பம்புகளைக் காரில் பொருத்தினார். காவலரைக் கண்டால் பொத்தானை அழுத்துவார். கார் எழுந்து நிற்கும். அவர் போனபின் அமரும். நம் பரண்மேல் ஸ்பிரிங்குகளின் மேலான வடிவம் எனலாம். அந்த விதி சாலையைக் காப்பதைவிட, ஒரு மக்களைத் தெருவிலிருந்து விரட்டுவதற்கே பயன்பட்டது என்பது அம்மக்களின் நெடுநாள் முறையீடு. 2024 ஜனவரி முதல் அவ்விதி நீக்கப்பட்டுவிட்டது. நகரக் கதவை மூடிவைக்கும்படி சட்டம் இருந்தாலும், ஊரைக் காக்கும் வீரர் பகைவரால் துரத்தப்பட்டு வரும்போது கதவைத் திறப்பதே அச்சட்டத்தின் கருத்து என்று தோமா அக்குவினார் காட்டிய எடுத்துக்காட்டு இங்கு நினைவுக்கு வருகின்றது. விதி எதற்காக என்று கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது.

அவ்வாறு கேட்கும்போது நம் சட்டத்திலும் ஒரு குறை புலப்படுகின்றது. மாற்றுத்திறனாளி ஒருவருக்காக வாகனத்தை மாற்றியமைக்க அது இடம் தருகின்றது. அந்த அளவில் நன்று. காரை இறக்குவோருக்கோ கதவைச் சாத்திவிடுகின்றது. ஆஸ்திரேலியாவின் வடிவமைப்பு விதி, அச்சுகளை அடுத்த பகுதியில் 100 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று எண்ணிட்டுச் சொல்கின்றது. ஜெர்மனியில், மாற்றிய காரை வல்லுநரிடம் கொண்டுசென்று, அவர் சோதித்து ஒப்பமிட்டால் ஓட்டலாம். அங்கெல்லாம் முறையாக இறக்குபவருக்கும் அறுத்து இறக்குபவருக்கும் வேறுபாடு உண்டு. இங்கோ இருவரும் ஒரே குற்றவாளிகள். அதனால் இருவரும் ஒரே பரணைத் தேடுகின்றனர். இறக்கியதை மறைக்காமல் கொண்டுவந்து காட்டச் சொல்லும் விதியே, அந்த ஸ்கூட்டரில் செல்லும் பெண்ணை இன்னும் நன்றாகக் காக்கும்.

அப்படியொரு விதி வரும்வரை என்ன செய்வது என்று கடைக்காரர் கேட்டார். சுருளை அறுத்துத் தரக் கேட்பவருக்கு அதன் கேட்டை விளக்கி மறுத்துவிடுமாறும், ஒரு நாள் வேடத்திற்கு ஸ்பிரிங் மாட்டித் தரும் கூலியை வாங்காதிருக்குமாறும், ஏற்கெனவே இறக்கிய காரை நிலையாக நிமிர்த்தித் தருவதாயின் கூலியைக் குறைத்துக்கொண்டேனும் செய்யுமாறும் சொன்னோம். “நான் மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க சாமி” என்றார். போகக்கூடும் என்றோம். சற்று நேரம் நின்றுவிட்டு, குட்டி யானைகளுக்குப் பட்டை சேர்ப்பதைப் பற்றியும் தாம் யோசிக்க வேண்டும், அதில்தான் தமக்கு வருமானம் அதிகம் என்றார்.